சுடர் தாழ்ந்த வாரம்

மார்கழி.

ஞாயிறு: காலியான சிலிண்டரை எடுத்துவிட்டு நிறைந்ததை இணைத்தேன். ரெகுலேட்டரின் திருகு என்னைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்தேன். அடுப்பு எரிந்தது.

திங்கள்: இரண்டு பர்னரிலும் சுடர் சற்றுத் தாழ்வு. நிறம் நீலம். வாடை இல்லை.

செவ்வாய்: சுடர் மேலும் தாழ்ந்தது. பால் சூடேறியது, பொங்கவில்லை. நண்பகலிலும் அதே நிலை. ஆகவே குளிர் காரணமன்று.

புதன்: பர்னர்களைக் கழற்றிக் கழுவினேன். எரிவாயு வெளிவரும் ஜெட் துளைகளை ஊசியால் சுத்தம் செய்தேன். மாற்றம் இல்லை.

வியாழன்: இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். குமிழ் எழவில்லை. கசிவு இல்லை.

வெள்ளி: மெக்கானிக் வந்தார். ரெகுலேட்டர் மாற்றப்பட்டது. மாற்றம் இல்லை.

சனி: மகள் வந்து சேர்ந்தாள். சுடர் அரிசிமணி உயரம். திங்களன்று அவளுடைய அம்மாவின் முதலாண்டுத் திதி.

அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பொறுப்பாளனாக இருந்த காலம் முழுவதும் இப்படித்தான் எழுதினேன். கண்டதை எழுத வேண்டும். கருதியதை எழுதக் கூடாது. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்கு என் மனநிலையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அழுத்தமானியின் முள் எங்கே நின்றது என்று தெரிந்தால் போதும். அந்தப் பழக்கத்தில் எழுதிய மேற்கண்ட பதிவில், கண்டும் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சமையல் மேடைக்கு அடியில், ரப்பர் குழாய் கடப்பைக் கல்லின் துளை வழியாக அடுப்புக்கு ஏறும் இடத்தில், ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. கட்டியவள் என் மனைவி. இந்த வீட்டில் சிவப்புத் துணி கட்டிய பொருளை அவளே வந்து அவிழ்க்கும் வரை வேறு யாரும் தொடக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் என்னிடமிருந்துதான் அவளுக்குப் போனது.

மின் நிலையத்தில் ஒரு வால்வை மூடிவிட்டு, அதற்கு அப்பால் ஒருவர் குழாய்க்குள் கையை விட்டு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறொருவர் அறியாமல் அந்த வால்வைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பவர் நீராவியில் வெந்துபோவார். ஆகவே வேலைக்குப் போகிறவர் தம் பெயரெழுதிய சிவப்பு அட்டை ஒன்றை வால்வில் கட்டிவிட்டுப் போவார். அட்டை தொங்கும் வரை அந்த வால்வை முதன்மைப் பொறியாளரே வந்தாலும் தொட முடியாது. வேலை முடிந்து வெளியே வந்து, கட்டியவரே தம் கையால் அவிழ்க்க வேண்டும். டேக் என்போம். எத்தனையோ விதிகளை நாங்கள் முணுமுணுப்போடு கடைப்பிடித்தோம். இந்த ஒன்றைப் பற்றி யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

திருமணமான புதிதில் அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் வெப்ப இயக்கவியல் படித்தவனுக்கு அதற்கான பாடம் எதிலும் இல்லை. அவளும் என்னைப் போலவே தெற்கிலிருந்து இங்கே வந்தவள். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கம் யாரையும் தெரியாது. மாலையில் இருவரும் தேநீர்க் கோப்பைகளோடு எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு மாலையில் வேறு பேச்சு தோன்றாமல் சிவப்பு அட்டையைப் பற்றி நெடுநேரம் விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "கட்டினவர் அவிழ்க்க மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டார்னா?" என்றாள். "வண்டி அனுப்பிக் கூட்டிட்டு வருவோம்" என்றேன். "சாப்பிட்டுக்கிட்டு இருந்தா?" "கை கழுவிட்டு வரணும்." அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

சில நாள் கழித்துச் சமையலறைக் குழாயைப் பழுது பார்க்கக் கழற்றிப்போட்ட நேரத்தில் அவசரம் என்று மின் நிலையத்திலிருந்து ஜீப் வந்துவிட்டது. கழற்றியதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், தண்ணீர் வரும் பிரதான வால்வில் அவளுடைய சடையில் கட்டும் சிவப்பு ரிப்பன் பூப்போலக் கட்டியிருந்தது. "நீங்க வர்றதுக்குள்ள யாராவது திறந்துட்டா? உங்க ஊர்ச் சட்டப்படிதான் கட்டியிருக்கேன்" என்றாள். குழாயைப் பூட்டி முடித்ததும் ரிப்பனை அவிழ்க்கக் கை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "கட்டினவங்கதானே அவிழ்க்கணும்?" குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, அடியில் விரலை வைத்து ஈரம் பார்த்து, அதன் பிறகே நுனியை இழுத்தாள். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. ரிப்பனுக்குப் பதில் பழைய சிவப்புச் சேலை ஒன்றைப் பட்டையாகக் கிழித்து வைத்துக்கொண்டாள். தாழ்ப்பாள் ஆடினால் ஒரு துணி. மின்விசிறி கிரீச்சிட்டால் அதன் சுவிட்சில் ஒரு துணி. எனக்கு ஷிப்ட் முறை மாறிக்கொண்டே இருக்கும். அவள் விழித்திருக்கும்போது நான் உறங்குவேன். நான் இருக்கும்போது அவள் பள்ளிக்கு மகளை அழைத்துவரப் போயிருப்பாள். சொல்ல வேண்டியதைத் துணி சொல்லும். என்ன கோளாறு என்பதைப் பிறகு சாப்பாட்டு வேளையில் அவளே சொல்வாள். நான் செய்து முடித்ததும் அவள் சோதித்து அவிழ்ப்பாள். சில சமயம் அவிழ்க்க மறுத்துவிடுவாள். "இன்னும் ஆடுது. உங்க பிளான்ட்டுல இப்படிச் செஞ்சா விட்டுடுவாங்களா?" ஒருமுறை எனக்கு மஞ்சள் காமாலை கண்டு, மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியும் சீருடையை எடுத்து மாட்டினேன். அவள் பேசாமல் வந்து என் மணிக்கட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கம்பெனிப் பேருந்து தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. நான் போகவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது "இருக்கியா?" என்பேன். அவளைப் பெயர் சொல்லி நான் அழைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் இல்லை. "எங்க போயிடப் போறேன்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் குரல் சமையலறையிலிருந்து வருகிறதா, கொல்லைப்புறத்திலிருந்து வருகிறதா என்பதை வைத்து அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்று கணிக்கப் பழகியிருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையில், முந்திரித் தோப்பு ஒன்றின் ஓரத்தில் இந்த வீட்டைக் கட்டி வந்தோம். போவதற்கு ஷிப்ட் எதுவும் இல்லை. இருந்தாலும் பால் வாங்கப் போய்த் திரும்பினால்கூட அதே கேள்வியைக் கேட்பேன். அதே பதில் வரும்.

சிவப்பு அட்டை பற்றிய விதியில் கடைசியாக ஒரு பிரிவு உண்டு. கட்டியவர் வரவே முடியாத நிலையில் இருந்தால், ஷிப்ட் பொறுப்பாளர் அவிழ்க்கலாம். அதற்கு முன் அந்த ஆளின் பெயரை ஒலிபெருக்கியில் மும்முறை அறிவிக்க வேண்டும். யாரும் வரவில்லையென்றால், 'ஆள் வளாகத்தில் இல்லை என்று உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். என் பணிக்காலத்தில் அந்தப் பிரிவை ஒரே ஒருமுறை கையாண்டேன். ஒரு ஃபிட்டர் சனிக்கிழமை வால்வில் அட்டை கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். ஞாயிறன்று மாரடைப்பில் இறந்துபோனார். திங்கள் காலையில் அட்டை அவருடைய சாய்ந்த கையெழுத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. உதவிப் பொறியாளர், "கழட்டிடலாமா சார்?" என்றார். விதிப்படி அறிவிக்கச் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மைக்கை எடுத்தார். டர்பைன் இரைச்சலுக்கு மேலே அந்தப் பெயர் மூன்று முறை போயிற்று. முதல் நாள் இடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள்தாம் எல்லோரும். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுதிக் கையெழுத்திட்டு, அட்டையை அவிழ்த்தேன்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "செத்துப்போனவரையா கூப்பிட்டீங்க?" என்றாள். "விதி அப்படி" என்றேன். தண்ணீரை வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி வடித்தாள். பிறகு, "நல்ல விதிதான். ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துடணும் இல்ல?" என்றாள்.

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இயலாது. காரியங்கள் முடிந்து உறவினர்கள் போன பிறகு, காபி போடலாம் என்று அடுப்பருகே போய், கீழே குனிந்து ரெகுலேட்டரைத் திறந்தபோதுதான் குழாயில் இருந்த அந்தச் சிவப்புத் துணியை முதன்முதலாகப் பார்த்தேன். எப்போது கட்டினாள் என்று தெரியாது. முந்தைய நாளாக இருக்கலாம். முந்தைய வாரமாக இருக்கலாம். என்ன கோளாறு என்று அவள் சொல்லவில்லை. சொல்வதற்கான சாப்பாட்டு வேளை வரவில்லை.

வீட்டில் வேறு மூன்று இடங்களிலும் அவள் கட்டிய துணிகள் இருந்தன. அவற்றின் குறைகளை அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றையும் இந்த ஓராண்டில் சரி செய்தேன். துணிகளை அவிழ்க்கவில்லை, அவள் சோதிக்கவில்லை அல்லவா? குழாயில் இருந்ததை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்பு நன்றாக எரிந்தது, கசிவு இல்லை. அவள் எதையோ கண்டிருக்கிறாள். எனக்குச் சொல்ல நினைத்திருக்கிறாள். சொல்லப்படாத அந்த ஒன்று அங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். தினமும் குனியும்போது அதைப் பார்ப்பேன். தொடமாட்டேன்.

தனியொருவனுக்கு எரிவாயு அதிகம் செலவாவதில்லை. காலையில் காபி, மதியம் ஒரு சோறு, இரவில் மதியத்து மிச்சம். அவள் இணைத்துவிட்டுப் போன சிலிண்டர் இந்த மார்கழி வரை வந்தது. மேலே உள்ள பதிவில் ஞாயிறன்று காலியானதாக எழுதியிருப்பது அந்தச் சிலிண்டர்தான்.

சுடர் தாழ்ந்ததும் மின் நிலையத்தில் செய்வதுபோல் பகுத்துப் பார்த்தேன். ஒரு பர்னர் மட்டும் மங்கினால் குற்றம் அந்தப் பர்னரில். இரண்டும் ஒருசேர மங்கினால் இரண்டுக்கும் பொதுவான வழியில்: சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், அடுப்புக்குள் போகும் இரும்புக் குழல். இரண்டும் மங்கின என்பது திங்களன்றே தெரியும். தெரிந்தும் புதனன்று பர்னர்களைக் கழற்றினேன். பொதுவான வழியில் குழாய் இருந்தது. குழாயில் துணி இருந்தது. பகுத்தறிவு விரல் நீட்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் மிக நேர்த்தியாகச் சோதித்தேன்.

மெக்கானிக் காடாம்புலியூர்க்காரர், பேச்சில் தயக்கமே இல்லாத இளைஞர். அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்கும் முன்பே, "ரெகுலேட்டர்தான் சார். பத்து வூட்டுல ஒம்பது வூட்டுல ரெகுலேட்டர்தான் மக்கர் பண்ணும்" என்றார்.

"பத்தாவது வீட்டில?"

"அங்கயும் அதேதான் சார். வூட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு."

மாற்றினார். சுடர் அப்படியே இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குந்தி உட்கார்ந்து மேடைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, டியூப்புல துணியக் கட்டி வச்சிக்கினு இருக்கீங்க? அவுத்துட்டுப் பாக்கட்டுங்களா?"

"அது இருக்கட்டும் தம்பி."

"வேண்டுதலுங்களா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வூட்டுலயும் இப்படித்தான் மாரியம்மன் கோயில் வேப்ப மரத்துல கட்டிட்டு வந்தாங்க. நெனச்சது நடந்தாதான் அவுக்கணும்னுவாங்க."

"அந்த மாதிரிதான்."

"நடந்துச்சுங்களா?"

நான் ரெகுலேட்டருக்கான பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். "டியூபு பழசா போச்சு சார். எப்ப இருந்தாலும் மாத்தித்தான் ஆவணும். வேண்டுதல் முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க, வந்துடறேன்."

மகள் சனிக்கிழமை மதியம் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் மின்சார அடுப்பு இருந்தது. தொலைபேசியில் நான் சுடரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். உள்ளே வந்ததும் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தாள். "அப்பா, இதுல வடை போட்டா அடுத்த வருஷத் திதிக்குத்தான் வேகும்" என்றாள். பிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கொல்லைக் கதவு, குளியலறை, கூடத்து ஜன்னல். "எல்லாத்துலயும் இன்னும் கொடி பறக்குது. கட்சி ஆபீஸ் மாதிரி இருக்கு." சிரிப்பதற்காகச் சொன்னாள், இருவரும் சிரிக்கவில்லை.

மாலையில் அவள் மேடைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "டியூபுலதான் ஏதோ இருக்குப்பா. உங்களுக்கும் தெரியும். நான் அவிழ்க்கட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"கட்டினவங்கதான் அவிழ்க்கணும்."

"கட்டினவங்க வர முடியலன்னா?"

"ஷிப்ட் பொறுப்பாளர் அவிழ்க்கலாம்."

"இந்த வீட்டுக்கு ஷிப்ட் பொறுப்பாளர் யாரு?"

நான் குனிந்து ரெகுலேட்டரை மூடினேன்.

"அப்ப கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு வரைக்கும் டைம். இல்லன்னா டியூபு, துணி, அடுப்பு எல்லாத்தையும் சேத்துக் கழட்டிப் போட்டுட்டு நான் இதுல சமைப்பேன். அம்மாவுக்கு நாள் கிழமைல சாப்பாடு நேரத்துக்கு ஆகணும். அடுப்பு எதுவானா என்ன?" அட்டைப்பெட்டியைத் தட்டிக் காட்டினாள். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே கழுவி வைத்திருந்த பாத்திரம் ஒன்றை வெகுநேரம் கழுவினாள்.

அவள் சொன்னது சரி. காலாவதியான குழாயை வைத்துக்கொண்டிருப்பது தவறு என்பதை எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கையெழுத்துப் போடுவதும் எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பிரிவின்படி நான் உறுதி செய்ய வேண்டியிருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. ஊரார், உறவினர், மருத்துவமனை, நகரிய அலுவலகம் என்று எல்லோரும் அதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் அதைச் சொல்லாமல் ஓராண்டைக் கடத்தியிருந்தேன்.

ஞாயிறு காலையில் மகள் வாழையிலையும் காய்கறியும் வாங்கப் பேருந்தேறிப் பண்ருட்டிக்குப் போனாள். பேருந்து நிறுத்தம் வரை போய் அவளை ஏற்றிவிட்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். முந்தைய நாளும் கழற்றினேன்; இந்த ஓராண்டில் எத்தனையோ முறை கழற்றியிருக்கிறேன்; வாயைத் திறந்ததில்லை. அன்று நிலைப்படியில் நின்று, வழக்கமான குரலில், "இருக்கியா?" என்றேன்.

மூன்று முறை அழைக்க என்னால் ஆகவில்லை. ஒருமுறைதான். அவள் கொல்லையில் இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். தோப்பில் ஓர் அணில் கத்தியது. அடுத்த வீட்டில் குக்கர் விசிலடித்தது. மின் நிலையத்துப் புகைபோக்கியின் புகை தென்மேற்காகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து குரல் வரவில்லை. கையெழுத்திடப் பதிவேடு எதுவும் இல்லை. உள்ளே போனேன்.

ரெகுலேட்டரை மூடினேன். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மறுத்தது. துணியை முதன்முதலாகத் தொட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிச் சற்று விறைத்திருந்தது. இழுத்தால் அவிழும் நுனியைத் தேடினேன். அவள் கட்டிய எல்லாவற்றிலும் அந்த நுனி இருக்கும். பள்ளிக்கூடத்துப் பெண்கள் ரிப்பன் கட்டுகிற சுருக்கு முடிச்சு, ஒரே இழுப்பு. விளக்கை நெருங்கப் பிடித்துத் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அப்படி ஒரு நுனி இல்லை. முடிச்சின் மேல் முடிச்சு. துணியை நனைத்து இறுக்கிக் கட்டிய, நகம் நுழையாத முடிச்சு. மீந்த நுனிகள் ஒட்டக் கத்தரிக்கப்பட்டிருந்தன.

நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் துணியின் மற்றப் பக்கம் கண்ணில் பட்டது. கல்லின் துளை விளிம்பு கூராக இருந்தது. அதில் உரசிக் குழாயின் மேல்தோல் ஒரு கோடாக வெளுத்திருந்தது. அவள் துணியை நான்காக மடித்து விளிம்புக்கும் குழாய்க்கும் நடுவே மெத்தை போல வைத்து, குழாய் மறுபடி விளிம்பில் படாதபடி, மேடையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள். சிவப்பாக இருந்ததற்குக் காரணம் அவள் கைக்கு எட்டியது அந்தப் பழைய சேலைத் துண்டு என்பதுதான். நான் ஓராண்டாக நிறத்தைப் பார்த்தேன், முடிச்சைப் பார்க்கவில்லை.

டேக் என்பது அவிழ்ப்பதற்காகக் கட்டுவது. இது இருப்பதற்காகக் கட்டியது. கோளாறைக் கண்டாள், தானே சரி செய்தாள், முடிந்தது. எனக்குச் சொல்ல அதில் ஒன்றும் இல்லாததால் சொல்லவில்லை. அவள் எனக்கு விட்டுச் சென்ற கடைசிச் சொல் என்று நான் காத்து நின்ற இடத்தில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. நன்றாகச் செய்து முடித்த ஒரு வேலை இருந்தது. முதலில் மனம் சற்று இலேசாயிற்று. அதற்குப் பின்னால், மெல்ல, வேறொன்று வந்தது. குறை சொல்வதற்காவது ஒன்றை மிச்சம் வைத்திருக்கலாம்.

சுடரின் காரணம் உடனே தெரிந்தது. அவள் கட்டிய இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே குழாய் விறைப்பாக இழுபட்டு, துணியின் ஓரத்தில் மடங்கி ஒட்டிக்கிடந்தது. பழைய ரப்பர், இழுவை தாங்காமல் நாளுக்கு நாள் இன்னும் தட்டையாகியிருக்கிறது. அவள் சிலிண்டரை வைக்கும்போது ரெகுலேட்டரின் திருகும் குழாய் மாட்டும் வாயும் சுவரைப் பார்த்திருக்கும். குழாய் பின்னால் ஒரு தளர்ந்த வளையமாகத் தொங்கி மேலேறும். திருகைத் தேடிக் கையைப் பின்னால் விட வேண்டியிருக்கிறதே என்று நான் அலுத்துக்கொண்டதுண்டு. 'இயக்கும் கைப்பிடி இயக்குபவரை நோக்கியிருக்க வேண்டும்' என்பது எங்கள் மின் நிலையத்துப் பாடம். அவள் வைத்த சிலிண்டர் தீர்ந்து, முதன்முதலாக நானே ஒன்றை இணைத்த அன்று, அந்தப் பாடத்தின்படி திருகை என் பக்கம் திருப்பி வைத்தேன். வளையம் இறுகியது.

சிலிண்டரின் விளிம்பைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் சுழற்றினேன். குழாய் தளர்ந்தது. மடிந்த இடத்தை இரு விரல்களால் நீவிவிட்டேன், மெல்ல உருண்டையாயிற்று. கையைப் பின்னால் விட்டு, தடவி, திருகைத் திறந்தேன். இந்த ஓராண்டும் அப்படித்தான் திறந்திருக்கிறேன். அது அவள் வைத்த முறை என்று அன்றுதான் கைக்குத் தெரிந்தது. சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், குமிழ் இல்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். சுடர் பழைய உயரத்துக்கு எழுந்தது. பாலை வைத்தேன். பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடியது. துடைத்தேன்.

மகள் வந்ததும் நேரே சமையலறைக்குப் போனாள். எரியும் அடுப்பைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே குனிந்தாள். துணி அங்கேயே இருந்தது.

"அவிழ்க்கவே இல்லையா?"

"அது டேக் இல்லம்மா."

"பின்ன?"

"அம்மா செஞ்ச ரிப்பேர்."

அவள் தரையில் உட்கார்ந்து, விளக்கை வாங்கி, முடிச்சை வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு இறுக்கமாவா கட்டுவாங்க?" என்றாள். பிறகு, "அட்டைப்பெட்டிய நானே திருப்பி எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

திங்களன்று எல்லாம் நேரத்துக்கு ஆயிற்று. வடை வெந்தது. இலையில் பரிமாறும்போது மகள், அம்மா சமைத்தால் வரும் வாசனை வருகிறது என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சொல்லவில்லை. மறுநாள் அவள் ஊருக்குப் போனாள். பண்ருட்டியிலிருந்து அவள் வாங்கி வந்த புதிய குழாய், இரும்புப் பின்னல் உள்ளே வைத்த நல்ல ரகம், உறை பிரிக்கப்படாமல் மேடைமேல் இருக்கிறது. மெக்கானிக்கை அழைக்கத் தேவையில்லை. எனக்கே செய்யத் தெரியும். இந்த வாரம் செய்துவிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நிலுவையில் உள்ள பணிகள்:

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள்: சரி செய்யப்பட்டது. சிவப்புத் துணி அவிழ்க்கப்படவில்லை.

குளியலறைக் குழாய்: வாஷர் மாற்றப்பட்டது. சிவப்புத் துணி அவிழ்க்கப்படவில்லை.

கூடத்து ஜன்னல் கொக்கி: சரி செய்யப்பட்டது. சிவப்புத் துணி அவிழ்க்கப்படவில்லை.

அடுப்பின் ரப்பர் குழாய்: மாற்ற வேண்டும். முடிச்சு அவிழாது; வெட்டித்தான் எடுக்க வேண்டும். கத்தரிக்கோல் அவளுடைய தையல் பெட்டியில் இருக்கிறது.